சிங்கப்பூரில் கயாக்கில் போய் மீன் பிடித்து, கூடாரம் போட்டுத் தங்க முடியுமா?

முடியும். பத்து வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லியிருக்கும் கனடா வீடியோ மாதிரி, ஏரி ஏரியாகத் துடுப்புப் போட்டு, பிடித்த இடத்தில் கரையேறி, தீ மூட்டி மீன் சுட்டுச் சாப்பிடுவது இங்கே நடக்காது. நீர்த்தேக்கங்களில் கயாக் ஓட்டலாம், மீன் பிடிக்கவும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அது கரையில் குறித்துக் கொடுத்த இடத்தில், செயற்கை இரையை வைத்து மட்டும். உயிர் இறால், புழு எதுவும் கூடாது. ஆக, துடுப்பு, தூண்டில், கூடாரம் மூன்றும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் கடல்தான், அதிலும் புதியவர்களுக்கு, பாசிர் ரிஸ் கடற்கரைக்கு எதிரே இருக்கும் புலாவ் உபின் தீவுதான்.

"எனக்கும் மச்சானுக்கும் நீச்சல் தெரியும், கயாக் இரண்டு முறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், வரும் சனிக்கிழமை பாசிர் ரிஸ்ஸிலிருந்து போகலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் சனிக்கிழமை வேண்டாம். வீட்டில் தமிழ் காலண்டர் இருந்தால் பாருங்கள், பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள் அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, குறிப்பாக அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாள், கடல் அதிகமாக ஏறி அதிகமாக வத்தும். சிங்கப்பூரில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே மூன்று மீட்டர் உயரம்கூட வித்தியாசம் வரும். அத்தனை தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் வெளியே போக வேண்டும். அட்டமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் பாதியாகிவிடும்.

உபின் பக்கத்துக் கடல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலம் பெயருக்குத்தான் பாலம், உண்மையில் அது கல்லைக் கொட்டி நிரப்பிய கரை. அதனால் கிழக்கு ஜொகூர் நீரிணை ஒரு பக்கம் அடைத்த குழாய் மாதிரி. ஏற்றத்தின்போது தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே உள்ளே போகும், வற்றும்போது வந்த வழியே கிழக்கே வெளியே வரும். நீங்கள் பாசிர் ரிஸ்ஸிலிருந்து வடக்கே குறுக்காகக் கடக்கப் போகிறீர்கள், அதாவது ஓட்டம் எப்போதும் உங்கள் விலாவில்தான் அடிக்கும். வற்றில் கிளம்பினால் கிழக்கே சாங்கிப் பக்கம் இழுத்துப் போகும், ஏற்றத்தில் கிளம்பினால் மேற்கே பொங்கோல் பக்கம்.

கரையில் நின்று பார்த்தால் உபின் இதோ இருக்கிறது என்று தோன்றும், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் தடவை போனேன். போகும்போது ஒன்றும் இல்லை, திரும்பும்போது வற்று நடுவில் மாட்டிக்கொண்டேன். நான் கிழக்கே இருந்தேன், என் கார் நின்றது மேற்கே. ஒரு பச்சை மிதவையைக் குறிவைத்துத் துடுப்புப் போட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் மிதவையின் ஒரு பக்கம் தண்ணீர் மேடாக எழும்பி நிற்கிறது, மறுபக்கம் வாலாகக் கிழிந்து ஓடுகிறது, ஏதோ மிதவைதான் மோட்டார் போட்டு எதிர்த்திசையில் ஓடுகிற மாதிரி. நாற்பது நிமிடம் விடாமல் துடுப்புப் போட்ட பிறகும் அதே மிதவை, அதே துருப்பிடித்த ஏணி, கையை நீட்டினால் தொடும் தூரத்தில். கடைசியில் முயற்சியை விட்டுவிட்டு ஓட்டத்தோடு சாங்கிக் கரைக்குப் போய் ஒதுங்கினேன். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு "ஆயேர் லாஜு" என்றார். தண்ணீர் வேகம் என்று அர்த்தம். அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, ஓட்டம் நின்று திரும்புகிற அந்த அரைமணி நேரத்தில்தான் கடக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இன்றுவரை நான் அதை மீறியதில்லை. கடல்துறை, துறைமுக ஆணையம் வருடாவருடம் ஏற்றவற்று அட்டவணை வெளியிடுகிறது, முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் தூண்டில் வாங்கலாம். நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும் என்பதால் போன வாரம் நண்பர் போன நேரம் உங்களுக்கு உதவாது.

நடுவில் இன்னொரு விஷயம், இதை எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. அந்த வழியில் இழுவைப் படகுகள் மணல், கல் ஏற்றிய பெரிய மிதவைப் படகுகளை இழுத்துக்கொண்டு போகும். முன்னால் போவது சின்னப் படகு, பின்னால் வெகு தூரம் தள்ளி அந்தப் பெரிய படகு, இரண்டுக்கும் நடுவில் திறந்த கடல் மாதிரித் தெரியும். அங்கே இழுவைக் கயிறு தண்ணீருக்குள் தொய்ந்து கிடக்கிறது. அந்த இடைவெளியில் ஒருபோதும் நுழையாதீர்கள். இரண்டும் கடந்து போகும்வரை காத்திருங்கள்.

சரி, மீன். கெத்தாம் தீவுக்கும் உபினுக்கும் நடுவே இருக்கும் கால்வாயில், அலையாத்தி மரங்களின் ஓரமாக, ஏற்றம் தொடங்கும் நேரத்தில் உயிர் இறால் போடுங்கள். தண்ணீர் வேருக்குள் ஏற ஏறச் சின்ன மீன்கள் உள்ளே போகும், அதன் பின்னால் செப்பிலியும் கொடுவாவும் வரும். (சந்தையில் சியாகாப் என்று கேட்டு வாங்குவது இந்தக் கொடுவாதான்.) செப்பிலி கடித்தால் உங்களுக்கு யோசிக்க நேரமே கிடைக்காது, நேராக வேருக்குள் பாயும், இலேசான கயாக் என்றால் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தூண்டில் நரம்பை விடாமல் ஒரு கையால் துடுப்பைப் பின்னுக்குத் தள்ளி வெளியே வர வேண்டும். கிலோவுக்கும் குறைவான மீன் இத்தனை வேலை வாங்குவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். இருங்கெளுத்தி மாட்டினால் கையால் தொடாதீர்கள், அதன் முள்ளில் விஷம் இருக்கிறது, இடுக்கி இல்லாவிட்டால் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள். நங்கூரம் போடுவதாக இருந்தால் கயிற்றைக் கயாக்கின் முனையில் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் கயாக்கைச் சாய்த்து ஒரு நொடியில் கவிழ்த்துவிடும், கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மீன் பண்ணைகளின் வலைப்பக்கம் போகாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. உபினின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புநிலத்தில் தூண்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள். 2001இல் மண் கொட்டி நிரப்பப்பட இருந்த இடம், மக்கள் எடுத்துச் சொல்லித்தான் தப்பியது.

தங்குவதற்கு ஜெலுத்தோங் கூடாரத்தளம் போதும். கயாக்கைக் கரையில் காய்ந்த பாசி கோடு போட்டிருக்கும் இடத்துக்கும் மேலே இழுத்து வைத்து, மரத்தில் கட்டிவிட்டுத் தூங்குங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஏற்றம் வந்து எடுத்துப்போய்விடும். குடிநீர் ஆளுக்கு ஐந்து லிட்டர் இங்கிருந்தே கொண்டுபோங்கள். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும். வடகரைப் பக்கம் சுற்றிப்போகும் ஆசை வேண்டாம், எதிர்க்கரை மலேசியா, கடலோரக் காவல்படை நிறுத்திக் கேட்கும். அடையாள அட்டையோ வேலை அனுமதி அட்டையோ எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வரும். மேற்கே வானம் கரேலென்று ஒரு சுவர் மாதிரி எழும்பும், காற்று சட்டென்று குளிரும், அப்புறம் சில நிமிடம்தான் உங்கள் கையில். அந்த நேரம் கடலில் இருக்கக் கூடாது, மின்னல் வேறு. அவசரமாக வீடு திரும்ப வேண்டும் என்றால் கயாக்கை அங்கேயே கட்டிவிட்டுப் படகில் சாங்கிக்கு வந்துவிடலாம், பத்து நிமிடம்தான்.

2019 ஆகஸ்ட்டில் மலேசியாவின் எண்டாவ் கடலில் குழுவாகப் போன சிங்கப்பூர்க்காரர்களில் இரண்டு பேர், ஒரே கயாக்கில் இருந்தவர்கள், மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோய் உயிரிழந்தார்கள். எங்கள் மாதிரி கயாக் ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் அது உலுக்கியது. அதற்குப் பிறகுதான் நான் துணை கயாக் கூப்பிடு தூரத்தைத் தாண்டினால் துடுப்பை நிறுத்திவிடுகிறேன்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் கயாக்கில் தொடக்கநிலையான 'ஒரு நட்சத்திர' (1 Star) சான்றிதழ் வகுப்புக்குப் பதிவு செய்யுங்கள். கரைக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்று கவிழ்ந்து, ஆழமான தண்ணீரிலிருந்து மறுபடி ஏறி உட்காரப் பத்துத் தடவை பழகுங்கள். வகுப்பு முடிந்து வரும் அட்டமியை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், ஏற்கெனவே போய்வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு. கிளம்பும் முன் வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். என் மனைவியிடம் நான் கொடுக்கும் தாளில் நான்கு வரிதான் இருக்கும்: எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குக் கடக்கிறோம், கயாக் என்ன நிறம், ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் போலீஸ், 999.