ஜவுளி வியாபாரத்துக்கு ஆப் செய்யலாமா?

கேள்வி: மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆப் செய்து தர ஒருவர் முன்பணம் கேட்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் ஒரு மாத ஆர்டர்களை நோட்டில் எழுதிப் பாருங்கள். சிக்கல் எங்கே வருகிறது? ஸ்டாக் தெரியாமல் ஆர்டர் எடுப்பதிலா, பாக்கி வசூலிலா? அந்த ஒன்றை மட்டும் தீர்க்கும் சின்ன ஆப் போதும். உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான் வைத்திருப்பார்கள், அதிலேயே தொடங்குங்கள். ஆப் உருவாக்கும் கருவியான ஃபிளட்டரில் எழுதச் சொன்னால் பின்னால் ஐபோனுக்கும் அதே நிரல் பெருமளவு உதவும்.

ஆப்பை வெளியிடத் தேவையான கூகுள் பிளே கணக்கை உங்கள் பெயரிலேயே திறங்கள். கட்டணம் ஒரே முறை, 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர்.

எனக்குப் பெரிய கவலை சோர்ஸ் கோடு, அதாவது ஆப்பின் மூல நிரல் பற்றித்தான். காசு கொடுத்தோம், ஆப் நமதுதான் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் எழுதித் தரும் நிரலின் உரிமை பொதுவாக எழுதியவருக்கே. அதை உங்களுக்கு மாற்றித் தர அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். சம்மதிக்காதவருக்கு முன்பணம் தராதீர்கள். அப்புறம், சர்வர் வாடகை, புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ற திருத்தம் என்று வருடாவருடம் செலவு உண்டு. அந்தத் தொகையையும் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.