கச்சான் காற்றில் பாய்ப் பந்தயம்: வாசகர் கேள்விகள்

ஆனி, ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதி பாய்மரப் படகைப் பற்றித்தான். திருவிழாப் பந்தயத்துக்கு வத்தை (நாட்டுப் பாய்மரப் படகு) கட்டுகிறவர்களும் எழுதுகிறார்கள், டிங்கி (சிறிய விளையாட்டுப் பாய்ப் படகு) பழகும் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். படகு வேறு என்றாலும் காற்று ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. 200, 300 மீட்டர் தாண்டியதும் படகைப் புரட்டிப் போடுகிறது. ஏன் ஐயா?
*வாசகர், பிரப்பன்வலசை*

கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. பிரப்பன்வலசை, தேவிபட்டினம், தொண்டி என வடகடல் (பாக் விரிகுடா) ஓரம் முழுவதற்கும் அது கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்று. அலை எழும்பக் காற்றுக்கு நீர்மேல் ஓட்டம் வேண்டும். கரையடியில் அந்த ஓட்டம் கிடையாது. அதனால் வடகடலில் அலையைப் பார்த்துக் காற்றை எடைபோட்டால் தப்பாகத்தான் முடியும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம், அதாவது தென்கடலில் (மன்னார் வளைகுடா), இதே கச்சான் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அங்கே அலையே காற்றின் அளவைச் சொல்லிவிடும்.

பனையும் உடைமரமும் வீடும் காற்றைத் தடுக்கின்றன. தடுப்பின் உயரத்தைப்போல் 10 முதல் 20 மடங்கு தூரம்வரை காற்று சுழன்றும் செத்தும் வரும். 12 மீட்டர் பனை வரிசை என்றால் 120 முதல் 240 மீட்டர். அதைத் தாண்டியதும் முழுக்காற்று. நீங்கள் சொல்லும் தூரம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்று வெயில். முற்பகல் 10, 11 மணிக்கு மேல் தரை கொதிக்க ஆரம்பித்ததும் மேலே வேகமாக ஓடும் காற்று துண்டு துண்டாகக் கீழே இறங்கும். சராசரி 12 நாட் (மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர்) இருக்கும்போதே 20 நாட் குத்து வருவது இதனால்தான். காற்றின் வேகம் ஏறினால் பாயின் மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 12 நாட் 20 ஆனால் விசை கிட்டத்தட்ட 2.8 மடங்கு. காலை 7 முதல் 10 வரை பந்தயம் வைத்தால் பாதித் தொல்லை குறையும். விழாக் கமிட்டிகள் ஏன் மதியத்தைத் தேர்ந்தெடுக்கின்றன என்று எங்களுக்கு விளங்கியதில்லை.

கச்சான் தளர்ந்திருக்கும் நாட்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரப் பார்க்கும். இரண்டும் முட்டும் இடத்தில் பாய் தொங்கும். சில நிமிடங்களில் எதிர்த்திசைக் காற்று வரும். பாய் தொங்கியதும் படகின் வெளிப்பக்கம் தொங்கியபடியே உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கமே விழுவீர்கள். உடனே உள்ளே வந்து குந்துங்கள்.

வானிலை அறிக்கை கிலோமீட்டரில் சொல்லும். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர்" என்றால் 24 முதல் 30 நாட். அது சிறிய படகுக்கான நாள் இல்லை.

ஐஎல்சிஏ படகு ஓட்டுகிறேன். எடை 58 கிலோ. குத்துக்காற்றில் எதை எவ்வளவு இழுப்பது?
*கல்லூரி மாணவி, மண்டபம்*

முதலில் பாயின் அளவு. ஐஎல்சிஏ, பழைய பெயரில் லேசர், 4.23 மீட்டர் நீள உடல் ஒன்றுதான், பாய் மூன்று. 7 என்பது 7.06 சதுர மீட்டர், 6 என்பது 5.76, 4 என்பது 4.7. உங்கள் எடைக்கு 6 சரி. ஆனால் சராசரியே 18 நாட் தாண்டுகிற நாளில் பயிற்சிக்கு 4 கட்டிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரிய பாயோடு நான்கு முறை கவிழ்ந்து எழுந்தவரைச் சின்னப் பாயோடு நேராக ஓடியவர் முந்திவிடுவார்.

இனி கயிறுகள். மெயின்ஷீட்டை (பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உள்ள கயிறு; சுருக்கமாக ஷீட்) அதன் இரண்டு கப்பியும் முட்டும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பூமைக் (பாயின் அடிக்கட்டை) கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றில் இருக்கும் தொய்வை எடுங்கள். அந்த இடத்தில் கயிற்றில் ஒரு டேப் ஒட்டிவையுங்கள். அதுதான் உங்கள் தொடக்கக் குறி. 15 நாட்டுக்கு மேல் அந்தக் குறியைத் தாண்டி இன்னும் இழுக்க வேண்டும். அப்போதுதான் மெயின்ஷீட்டை விடும்போது பூம் மேலே தூக்காமல் பக்கவாட்டில் போகும், மாஸ்ட் (பாய்மரம்) வளையும், பாய் தட்டையாகும். கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு), அது கோக்கும் பாயின் கண் பூம் மட்டத்துக்கு வரும்வரை இழுங்கள். பாயின் வயிறு முன்னால் நகர்ந்து, மேல்பகுதி திறந்து காற்றை விட்டுவிடும். அவுட்ஹாலில் (பாயின் கீழ்விளிம்பைப் பூம் நுனிக்கு இழுக்கும் கயிறு), பூமின் நடுவில் பாய்க்கும் பூமுக்கும் நான்கைந்து விரல் இடைவெளி போதும். அலை அதிகம் என்றால் இரண்டு விரல் கூட்டுங்கள். அலையில் முட்டி நின்ற படகு மறுபடி கிளம்ப விசை வேண்டும். டாகர்போர்டை (படகின் நடுவில் நீருக்குள் இறங்கும் பலகை) 5 முதல் 8 சென்டிமீட்டர் தூக்கினால் சாய்வு குறையும்.

வாங் இறுகினால் பூம் தாழும் என்பதை மறந்துவிட்டு டேக் அடிப்பவர்கள் (முன்முனையைக் காற்றின் குறுக்கே திருப்பிப் பக்கம் மாறுபவர்கள்) தலையில் வாங்குகிறார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குனியுங்கள்.

குத்து வரும் நேரத்தில் வரிசை முக்கியம். காற்றுப் பக்கத்தில் நீர் கறுத்து, சிற்றலை நெருங்கி வருவதைப் பாருங்கள். அது படகைத் தொடுவதற்கு இரண்டு விநாடி முன்பே உடம்பை வெளியே தள்ளுங்கள். தொட்டதும் ஷீட்டை 20, 30 சென்டிமீட்டர் விடுங்கள். படகு மட்டமானதும் திரும்ப இழுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: படகு சாயும்வரை காத்திருந்து, பிறகு டில்லரோடு (சுக்கான் கைப்பிடி) மல்லுக்கட்டி, கடைசியில் ஷீட்டை விடுகிறார்கள். சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைச் சுக்கானால் அடக்கினால் சுக்கான் பிரேக் ஆகிவிடுகிறது. டில்லர் கையில் கனத்தால் இன்னும் பலமாக இழுக்காதீர்கள். ஷீட்டை விடுங்கள்.

எதிர்க்காற்றில் சமாளித்துவிடுகிறேன். காற்றோடு திரும்பி வரும்போதுதான் படகு இடமும் வலமும் ஆடி, காற்றுப் பக்கமே கவிழ்கிறது.
*வாசகர், தேவிபட்டினம்*

மூன்று காரணங்கள். வாங் மிகவும் தளர்ந்திருந்தால் பாயின் மேல்பகுதி மாஸ்ட்டுக்கு முன்னால் போய், படகைக் காற்றுப் பக்கம் தள்ளும். ஷீட்டை 90 பாகைக்கு மேல் விட்டாலும் அதேதான். டாகர்போர்டை முழுக்கத் தூக்கிவிட்டால் ஆட்டத்தை அடக்க ஒன்றும் இருக்காது. பலத்த காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதீர்கள்.

காற்றுப் பக்கம் உருள ஆரம்பித்ததும் ஷீட்டை வேகமாக உள்ளே இழுத்து, படகைக் கொஞ்சம் காற்றை நோக்கித் திருப்புங்கள். மறுபக்கம் உருண்டால் ஷீட்டை விட்டு, காற்றுக்கு விலகித் திருப்புங்கள். வாங்கை அடியோடு விடவும் கூடாது, எதிர்க்காற்றில் இருந்த இறுக்கத்திலேயே வைக்கவும் கூடாது. இறுக்கமாக இருந்தால் பந்தயப் பாதையின் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பூம் நுனி நீரில் அடித்து, படகைக் கீழே இழுத்துவிடும். மிதவைக்கு முன்பே பூம் நுனி ஒரு சாண் உயரும் அளவு தளர்த்துங்கள்.

ஜைப் (காற்றோடு ஓடும்போது பாயைப் பக்கம் மாற்றுவது) செய்வதானால் வேகம் உச்சத்தில் இருக்கும்போது, அலையில் இறங்கும்போது செய்யுங்கள். காற்றோடு ஓடும் படகு வேகமெடுக்க எடுக்கப் பாயில் படும் காற்று குறையும். பயந்து வேகம் தணிந்தபின் செய்தால் முழு விசையும் பூமில் வந்து இறங்கும். பாய் மாறும் கணத்தில் ஷீட்டை ஒரு சுண்டு சுண்டுங்கள். இல்லையேல் அது படகின் பின்மூலையில் மாட்டிக்கொள்ளும். துணிவில்லாத நாளில் காற்றை நோக்கிச் சுற்றித் திரும்பி டேக் அடித்துவிட்டுப் போங்கள். 10 விநாடி நஷ்டம், அவ்வளவுதான்.

எங்கள் வத்தையில் ஆறு பேர். காற்று அதிகம் என்றால் மணல் மூட்டை கூடுதலாக ஏற்றச் சொல்கிறார்கள். எத்தனை மூட்டை?
*வாசகர், தொண்டி*

எங்களைக் கேட்டால் ஒன்றும் வேண்டாம். 60 கிலோ வீதம் ஆறு பேர் 360 கிலோ. காற்றுப் பக்கம் நீட்டிய பலகையில் இரண்டு பேர் ஏறி இறங்குவது எந்த மூட்டையையும்விட வேகமானது. குத்து வந்து போகிற காற்றில் எடை நகர வேண்டும். 25 கிலோ மூட்டை நகராது. காற்று செத்ததும் மூட்டை கிடக்கும் பக்கமே படகு சாயும். பாய் மாற்றும்போது மூட்டை தாழ்வுப் பக்கத்தில் சிக்கினால் கவிழ்வதைத் தவிர வேறு வழியில்லை. படகில் நீர் நிறைந்தால் மரம் மிதக்கும். 25 கிலோ மணல் நீருக்குள்ளும் 15 கிலோ எடையோடு கீழே இழுக்கும். கமிட்டி கட்டாயப்படுத்தினால் மூட்டையைக் கட்டாமல் நடுவில் வையுங்கள், தள்ளிவிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

மூட்டைக்குப் பதில் பாயைக் குறையுங்கள். பெரியதும் சிறியதுமாக இரண்டு பாய் கரையில் இருக்கட்டும். முடிவும் கரையிலேயே ஆகட்டும். ஓடும் படகில் பருமலை (பாய் தொங்கும் குறுக்குக் கட்டை) இறக்கிப் பாய் மாற்றுவது பந்தயத்தில் நடக்கிற காரியமில்லை. பருமல் ஏற்றும் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் சுருக்காகப் போடுங்கள். தாமானை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) எக்காரணத்தாலும் கட்டிவைக்காதீர்கள். ஒரு சுற்று சுற்றி ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை தரக்கூடாது. பந்தயத்தில் கவிழும் படகுகளில் தாமான் கட்டியிருப்பதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

காற்று திசை மாறிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று எப்படி முடிவு செய்வது?
*வாசகர், கீழக்கரை*

தொடங்குவதற்கு அரைமணி முன்பே கடலில் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படகைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, திசைகாட்டியில் எண்ணைப் பார்த்து, படகிலேயே கிரீஸ் பென்சிலால் எழுதுங்கள். 220, 235, 222, 234 என்று போய் வந்தால் அது ஊசலாடும் காற்று. நடு எண் 228. அதிலிருந்து விலகி உங்கள் படகின் முனையை மிதவையிலிருந்து தள்ளும்போது டேக் அடியுங்கள். 220, 226, 233, 240 என்று ஒரே பக்கம் ஏறினால் அது நிலையாக மாறுகிற காற்று; எந்தப் பக்கம் மாறுகிறதோ அந்தப் பக்கம் முதலில் போங்கள்.

இரண்டு படகுக்கும் பக்கவாட்டில் 100 மீட்டர் இடைவெளி இருக்கையில் காற்று 10 பாகை மாறினால் ஏறத்தாழ 25 மீட்டர் லாபமோ நஷ்டமோ உண்டு. நிச்சயமில்லாத நாளில் ஓரத்துக்குப் போகாமல் கூட்டத்தின் நடுவில் இருங்கள் என்பது அதனால்தான்.

திடீரென்று படகு இழுக்கிறது, சுக்கான் அதிர்கிறது. உடைசலா?
*வாசகர், மோர்பண்ணை*

பெரும்பாலும் கடற்புல். பாக் விரிகுடாவில் காற்று அடித்தால் பிடுங்கிய புல் கற்றை கற்றையாக மிதக்கும். டாகர்போர்டை ஒருமுறை முழுக்கத் தூக்கி இறக்குங்கள். சுக்கானில் சிக்கியதைக் கையால் தள்ளுங்கள். பந்தயப் பாதையில் நண்டுவலை மிதவைகள் இருக்கின்றனவா என்பதை முந்திய நாளே அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். வலையில் சிக்கினால் படகும் நிற்கும், அவர்கள் பிழைப்பும் கெடும்.

கவிழ்ந்த படகின் மாஸ்ட் சேற்றில் குத்திக்கொண்டது. எத்தனை முயன்றும் எழவில்லை.
*வாசகர், காரங்காடு*

ஆழம் மாஸ்ட் உயரத்துக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் இது சகஜம். படகு கவிழ்ந்ததும் அதன் மேல் ஏறாதீர்கள். உங்கள் எடைதான் மாஸ்ட்டைச் சேற்றில் அழுத்துகிறது. நீரில் குதித்து ஷீட்டையும் வாங்கையும் முழுக்க விடுங்கள். அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கி வரும்படி படகை நீந்தித் திருப்புங்கள். அதன் பிறகு டாகர்போர்டில், படகின் உடலை ஒட்டிய இடத்தில் கால் வைத்து, மெதுவாக எடையைக் கொடுங்கள். வரவில்லை என்றால் மீட்புப் படகைக் கூப்பிடுங்கள். அவர்கள் மாஸ்ட் குத்தியிருக்கும் திசைக்கு நேர் எதிராக, உருவுகிற மாதிரி இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் மாஸ்ட் வளைந்துபோகும்.

படகை விட்டு நீந்திக் கரைக்குப் போக நினைக்காதீர்கள். கச்சானில் வடகடலில் எல்லாம் வெளியே, இலங்கை எல்லைப் பக்கம்தான் போகும்.

பந்தயம் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். என் மகன் தயங்குகிறான். போகத்தான் வேண்டுமா?
*ஒரு தாய், பாம்பன்*

வேண்டாம் அம்மா. சர்வதேசப் பாய்மரப் பந்தய விதிகளில் 3ஆம் விதியே, ஓடுவதா நிறுத்துவதா என்ற பொறுப்பு அந்தந்தப் படகுக்கு உரியது என்கிறது. நடத்துபவர்கள் ஒத்திவைப்புக் கொடி ஏற்றவில்லை என்பதால் கடல் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. பாம்பனில் 3ஆம் எண் புயல் கூண்டு ஏறியிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை.

போவதானால், மீட்புப் படகு எத்தனை என்று கேளுங்கள். புதியவர்கள் ஓடும் பந்தயத்தில் ஆறு டிங்கிக்கு ஒன்றாவது, இன்ஜின் ஓடிக்கொண்டே, காற்று தள்ளும் பக்கத்தில் நிற்க வேண்டும். உயிர்காப்பு அங்கியின் கால்பட்டை கட்டியிருக்கட்டும். இல்லாவிட்டால் நீரில் அது தலைக்கு மேல் ஏறிவிடும். விசில், கத்தி, 8 மில்லிமீட்டர் கனத்தில் 8 மீட்டர் இழுவைக் கயிறு படகில் இருக்கட்டும். கரையில் இருப்பவரின் போனில் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் பதிந்திருக்கட்டும். போனவர்கள் பெயரை எழுதி, திரும்பியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடிக்க ஒரு ஆள் கடைசிப் படகு வரும்வரை நகராமல் நிற்கிறாரா என்றும் பாருங்கள்.