அறுக்க வருகிறவரை விட்டுவிட்டு டிராக்டர் வாங்கலாமா?

கேள்வி: டாலஸுக்கு வடக்கே புறநகரில் சொந்த வீடு, எச்-1பி விசாவில் இருக்கிறேன். 2023 கடைசியில் ஃபேனின் கவுன்டியில் ஏக்கர் 22,000 டாலர் வீதம் 14 ஏக்கர் புல்வெளி வாங்கினேன். மொத்தம் 3.08 லட்சம். முன்பணம் 62,000 டாலரை ஹீலாக்கில், அதாவது வீட்டின் மேல் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடனில், எடுத்தேன். மீதி 2.46 லட்சத்துக்கு 7% வட்டியில் நிலக் கடன், மாதத் தவணை 1,900. ஹீலாக் பாக்கி இப்போது 94,000, வட்டி 8.5%. பக்கத்து நிலத்துப் பெரியவர் வருடா வருடம் புல் அறுத்து ஹே (காய்ந்த தீவனப் புல்) கட்டி எடுத்துப் போவார். அதனால் எங்களுக்கு ஆக் எக்ஸம்ப்ஷன் என்ற, விவசாய நிலத்துக்கான சொத்து வரிச் சலுகை கிடைத்து வந்தது. ‘சும்மா ஏன் கொடுக்கிறாய், ஏக்கருக்கு 50 டாலர் கேள்’ என்று என் மச்சான் சொன்னார், கேட்டேன். போன ஜூனுக்குப் பிறகு அவர் வரவில்லை. இப்போது வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலிருந்து, புதிதாக விண்ணப்பம் கொடுக்கும்படி கடிதம் வந்திருக்கிறது. வட்டியில்லாத் தவணையில் டிராக்டர், ஹே கட்டும் பேலர் எல்லாம் சேர்த்து 78,000 டாலருக்கு வாங்கி நாமே அறுக்கலாம் என்கிறார் மச்சான். நிலத்தில் 3 ஏக்கரைத் தன் ட்ரெய்லர்களை நிறுத்தவும், கல்யாண நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடவும் கேட்கிறார். பத்திரத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். அவருடைய ட்ரெய்லர் தவணைக்காக மாதம் 620 டாலர் நான்தான் கொடுத்து வருகிறேன். இது தவிர மாதம் 800 டாலர் டெக் பங்குகளை வாங்கும் ஒரு இடிஎஃப் ஃபண்டில் போடுகிறேன். டிராக்டர் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது டிராக்டர் இல்லை. ஹீலாக் பாக்கி 62,000-லிருந்து 94,000 ஆகியிருக்கிறது. முப்பது மாதத்தில் 32,000 டாலர். எதற்காக எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாமலே தெரிகிறது. நிலத் தவணை கட்டச் சம்பளம் போதாத மாதங்களில் வீட்டை அடகு வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். 7% கடனை 8.5% கடன் வாங்கி அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டெக்சஸில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. ஹீலாக்கில் ஒவ்வொரு முறையும் குறைந்தது 4,000 டாலர் எடுத்தாக வேண்டும் என்பது இங்கே மாநில அரசியல் சாசன விதி. தேவை 2,800 என்றாலும் 4,000 எடுப்பீர்கள். மிச்சம் 1,200 புதுக் கேட்டுக்கும் சரளைக்கல்லுக்கும் போய்விடும். எட்டு முறை எடுத்தால் 32,000. உங்கள் வங்கி அறிக்கையைத் திறந்து, இந்தக் கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். வீட்டுக் கடன் வட்டி என்று இதை வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. பணம் வீட்டுக்காகச் செலவாகவில்லை.

வரி மிச்சத்தை வருமானம் போல நினைத்ததுதான் இதற்கெல்லாம் ஆரம்பம். கணக்கு இதுதான். சந்தை மதிப்பு 3.08 லட்சத்துக்கு 1.7% வரி என்று வைத்தால் வருடம் 5,200 டாலர் சொச்சம். ஹே நிலம் என்று ஏக்கருக்கு 150 டாலர் அளவில் மதிப்பிட்டால் 14 ஏக்கருக்கும் சேர்த்து வரி 36 டாலர். மிச்சம் ஏறக்குறைய 5,200. நல்ல தொகைதான். ஆனால் வட்டி மட்டும் வருடத்துக்கு நிலக் கடனுக்கு 17,200, ஹீலாக்குக்கு 8,000, கூட்டினால் 25,200. நிலம் வருடம் 8% விலை ஏறினால்தான் இந்த வட்டிக்கே ஈடாகும். வரியில் மிஞ்சுவது வட்டியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஐந்தில் ஒரு பங்கைக் காப்பாற்ற இன்னொரு 78,000 கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதால் அது இலவசமாகிவிடாது. 72 மாதத் தவணை என்றால் மாதம் 1,083, வருடம் 13,000. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியையும் விட்டுவிட வேண்டும். இதற்கு என்ன வரும்? வேலியோரம், குட்டை, மரநிழல் போக 12 ஏக்கரில் அறுக்கலாம். உரம் போடாத நிலத்தில் ஏக்கருக்கு ஓர் அறுப்பில் 1,000 பவுண்டு உருண்டை இரண்டு கிடைத்தால் பெரிது. இரண்டு அறுப்புக்கு 48 உருண்டை. ஒன்று 55 டாலருக்குப் போனாலும் 2,640. டீசல், உருண்டையைச் சுற்றும் வலை, பேலர் பெல்ட், இன்சூரன்ஸ் எல்லாம் அதிலிருந்துதான். உரமும் போட வேண்டும். பெர்முடா புல்லில் ஒரு டன் ஹே வெளியே போனால் கூடவே ஏறக்குறைய 50 பவுண்டு நைட்ரஜனும் 40 பவுண்டுக்கு மேல் பொட்டாஷும் மண்ணை விட்டுப் போகின்றன. திரும்பப் போடாமல் மூன்று நான்கு வருடம் அறுத்தால் பெர்முடா மெலிந்து களை ஏறும். 12 ஏக்கருக்கு ஓர் அறுப்புக்கு 600 பவுண்டு நைட்ரஜன், அதாவது 1,300 பவுண்டு யூரியா.

ஹே கட்டுவது வாரக் கடைசியில் செய்கிற வேலையும் இல்லை. அறுத்த புல் காய மூன்று நான்கு நாள் தொடர்ந்து வெயில் வேண்டும். உருண்டைக்கு ஈரப்பதம் 18 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; 20-ஐத் தாண்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், அடுக்கிய கொட்டகையே தீப்பிடித்த கதைகள் நிறைய. அந்த மூன்று நாள் வெயில் செவ்வாய்க்கிழமை வரும். நீங்கள் அன்று ஆபீஸில் இருப்பீர்கள்.

அந்தப் பெரியவர் ஏன் போனார் என்று அவர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். 48 உருண்டையில் நில உரிமையாளருக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது பல இடங்களில் வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் பங்கு 16 உருண்டை, 880 டாலர். நீங்கள் கேட்ட வாடகை 700. அந்த 700-க்காக 5,200 டாலர் வரிச் சலுகையைத் தொங்கலில் விட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கில் உங்கள் சொத்து அந்தப் புல் இல்லை, வருடத்துக்கு இரண்டு முறை தவறாமல் வந்து அறுக்கிறவர்தான்.

வாடகை மட்டும்தான் காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. மழை பெய்து ஈரமாய்க் கிடந்த வெளியில் உங்கள் வீட்டார் யாராவது ஏடிவி என்ற நாலு சக்கர வண்டி ஓட்டினார்களா? அந்தச் சக்கரத் தடம் காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். புல் அறுக்கும் டிஸ்க் மோவர் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ஓடுவது. தடத்தில் இறங்கினால் மண்ணை வாரும், பிளேடு உடையும், ஹேயில் மண் கலந்து மாட்டுக்காரர் வாங்க மாட்டார். பழைய வேலிக் கம்பித் துண்டு, டி-போஸ்ட் என்ற இரும்பு வேலிக்கால், விருந்தில் விட்டுப்போன கூடாரக் கொக்கி எல்லாம் அப்படித்தான். கேட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டு அவரிடம் சாவி கொடுக்காமல் விட்டீர்களா? வெயில் மூன்று நாளில் ஒரு நாள் பூட்டின் முன்னால் கழிந்தால் அவர் அடுத்த வயலுக்குப் போய்விடுவார். பெரிய பண்ணைகள் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் துண்டுகளாக விற்கப்பட்டு வரும் ஊர்களில் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேட், ஒரு நுழைவு வளைவு, ஒரு உரிமையாளரின் கட்டளை. 14 ஏக்கருக்கு இயந்திரங்களை ரோட்டில் ஓட்டி வருவது அவர் உங்களுக்குச் செய்கிற உதவி. இரவு பத்து மணிக்கு பேலர் சத்தம் கேட்கிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் புகார் செய்வதும், அதற்கு எதிராக 2023 நவம்பரில் டெக்சஸ் மக்கள் விவசாயம் செய்யும் உரிமையை அரசியல் சாசனத்திலேயே எழுதி ஓட்டுப் போட்டதும் இதே உரசலில் வந்தவை. அந்த ஊரில் நீங்கள் எந்தப் பக்கம் என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஆகவே நேரில் போய்ப் பேசுங்கள், மச்சானை அழைத்துப் போகாமல். ஹே முழுவதும் அவருக்கே, வாடகை கிடையாது என்று சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வருடம் குறைந்தது இரண்டு அறுப்பு, கேட் சாவி அவரிடமும் இருக்கும், அவருடைய லயபிலிட்டி இன்சூரன்ஸ் நகல், எந்தக் களைக்கொல்லி அடிப்பார் என்ற விவரம். அமினோபைரலிட் கலந்த மருந்து அடித்த ஹேயையோ, அதைத் தின்ற மாட்டின் எருவையோ யாராவது தக்காளிப் பாத்திக்குப் போட்டால் செடி சுருண்டு போகும். யூரியா செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கும், அது உங்களுக்கு ஆதாரமும் ஆகும். கேட் 16 அடிக்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். அறுப்புக்கு முன் ஒருமுறை வெளி முழுக்க நடந்து கம்பியும் கல்லும் பொறுக்குங்கள். தேதி தெரியும்படி போட்டோவும், எத்தனை உருண்டை என்ற கணக்கும் வைத்திருங்கள்.

அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் கடிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பேச்சில் எக்ஸம்ப்ஷன் என்றாலும் இது விலக்கு இல்லை. 1978-ல் வந்த 1-டி-1 என்ற சாசனப் பிரிவின்படி, நிலத்தைச் சந்தை விலைக்குப் பதிலாக விளைச்சல் திறனுக்கு மதிப்பிடும் முறை. முந்தைய ஏழு வருடத்தில் ஐந்து வருடம் விவசாயம் நடந்திருக்க வேண்டும், நடப்பு வருடத்திலும் அந்த வட்டாரத்தில் வழக்கமான அளவுக்கு நடக்க வேண்டும். 50-129 படிவம், ஏப்ரல் 30-க்குள். தேதி தவறினாலும் அந்த வருட மதிப்புப் பட்டியல் உறுதியாகும் முன் கொடுக்கலாம். வரி வித்தியாசத்தில் 10% அபராதம். மாநில வரி அதிகாரியான கம்ப்ட்ரோலர் கொடுக்கும் ஆக் நம்பர் உரம் வாங்கும்போது விற்பனை வரி தவிர்க்க மட்டுமே. அந்த நம்பரைக் காட்டி இந்த மதிப்பீட்டைக் கேட்க முடியாது. உங்கள் கவுன்டியின் வழிகாட்டிக் குறிப்பில் ஹேவுக்குக் குறைந்தபட்சம் எத்தனை ஏக்கர் என்று படியுங்கள்.

அந்த ஏக்கர் வரம்பு மச்சானின் 3 ஏக்கர் திட்டத்துக்கும் முக்கியம். ட்ரெய்லர் நிறுத்துவதும் கல்யாணப் பந்தலும் விவசாயம் இல்லை. அந்த மூன்று ஏக்கருக்கு, சலுகையில் மிச்சமான வரியைத் திரும்ப வாங்கும் ரோல்பேக் வரி மூன்று வருடத்துக்கு வரும்: 66,000-க்கு 1.7% வருடம் 1,122, மூன்று வருடத்துக்கு 3,366. 2021 முதல் இதற்கு வட்டி இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் 1,122. மீதி 11 ஏக்கர் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போனால் மொத்தச் சலுகையும் போகும். பத்திரத்தில் அவர் பெயரைச் சேர்த்தால் உரிமை மாறிவிடும். மறுபடி புது விண்ணப்பம், நிலக் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேறு. அவர் இதுவரை நிலத்தில் போட்ட பணம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். இரண்டுக்கும் முடியாது என்று சொல்லுங்கள். உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது, இந்தக் கணக்குகளை மேஜையில் வைத்துச் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் அது மச்சான் சண்டையாகிவிடும்.

வாட்ஸப் குழுக்களில் வரும் தேனீப் பெட்டி வாடகைத் திட்டமும் உங்களை எட்டியிருக்கும். 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்ப்புக்கும் சட்டப்படி இந்த மதிப்பீடு உண்டு; ஏமாற்று இல்லை. பல கவுன்டிகளின் கணக்கில் 14 ஏக்கருக்குப் பத்துப் பெட்டி வரை வைக்க வேண்டியிருக்கும், வாடகை வருடா வருடம். பெரியவர் இலவசமாகச் செய்வதற்கு நீங்கள் ஏன் வாடகை கொடுக்க வேண்டும்? அவர் கடைசி வரை மறுத்தால் மட்டும் யோசியுங்கள்.

இனி பணம். நாளைக்கே வங்கியைக் கூப்பிட்டு ஹீலாக்கில் மேற்கொண்டு பணம் எடுக்க முடியாதபடி முடக்கச் சொல்லுங்கள். மாதம் சராசரியாக 1,070 டாலர் அதிலிருந்து எடுத்து வந்திருக்கிறீர்கள். அது நின்றால் அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது? மச்சானின் 620-ஐ இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். அவருக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால் போதும். டெக் இடிஎஃப்பில் போடும் 800-ஐயும் நிறுத்துங்கள். 8.5% வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு பங்குச் சந்தையில் மாதாமாதம் போடுவது கடன் வாங்கிப் பங்கு வாங்குவதுதான். கம்பெனியும் தன் பங்கைப் போடும் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு மட்டும் தொடரட்டும். இரண்டும் சேர்ந்து 1,420. இடைவெளி போக 350 மிஞ்சும். அதை ஹீலாக் அசலுக்குக் கட்டுங்கள். 18 மாதத்தில் 6,300 குறைந்து பாக்கி 88,000-க்குக் கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் நிலத்தை விற்பனைக்கு வையுங்கள். விற்பதால் ரோல்பேக் வராது. வாங்குகிறவர் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் வரலாம், அதை அவரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கிரீன் கார்டு இல்லாதவர் 10 ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் மத்திய விவசாயத் துறைக்கு எஃப்எஸ்ஏ-153 படிவம் கொடுக்க வேண்டும் என்று 1978-லிருந்து சட்டம் இருக்கிறது. அபராதம் நில மதிப்பில் 25% வரை போகலாம். உங்களுக்கு 77,000 டாலர். தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் தொகை ஏறும். நிலத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்ட க்ளோசிங்கில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொடுத்தீர்களா என்று இன்றே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.