மன்னிப்புக் கேட்க அழைத்துப் போகாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. நீளம் தாண்டுதலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். நான்கு வருடமாக ஒரே கோச்தான், எங்கள் நிலைமை தெரிந்து ஃபீஸ்கூட வாங்குவதில்லை. கொஞ்ச நாளாகவே பிராக்டிஸுக்குக் கிளம்பத் தயங்கினாள். 'அம்மா, நீயும் உள்ளே வந்து உட்காரு' என்பாள். பெற்றோர் இருந்தால் பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும் என்று சார் யாரையும் உள்ளே விடுவதில்லை, அதனால் நான் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே இருந்துவிடுவேன். இப்போது போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பித்தான் இருக்கிறோம். சாரும் கோபமாக இருக்கிறார். அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைக்கலாம் என்கிறார் என் கணவர். இவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? பத்து வயதுத் தம்பி அதே சாரிடம் ஒழுங்காகத்தான் போகிறான்.
(பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்)

பதில்: இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். இதே மாதிரிக் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன, எல்லாவற்றிலும் பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதுதான் கேள்வி.

'அம்மா, நீயும் உள்ளே வந்து உட்காரு.' போகிற போக்கில் இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே சாருடைய விதிக்குப் போய்விட்டீர்கள். பதினான்கு என்பது சிநேகிதிகள் முன்னால் அம்மா வந்து நின்றாலே கூச்சப்படுகிற வயது. அந்த வயதுப் பெண், நான்கு வருடம் ஓடிப் பழகிய மைதானத்துக்குள் அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் ஒரு நாள் இல்லை, பல நாள். ஏன் கூப்பிடுகிறாய் என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை, அதனால் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அவளால் முடிந்த அளவுக்கு அவள் சொல்லிவிட்டாள் அம்மா. நீங்கள் சார் பேச்சைக் கேட்டு வெளியே இருந்துவிட்டீர்கள்.

அந்த மனிதர் தவறு செய்தார் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை, ஒரு கடிதத்தை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. திட்டு, அடி, பட்டினி போட்டு எடை குறைக்கச் சொல்வது என்று வேறு காரணம்கூட இருக்கலாம், அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பெற்ற தாய் பார்க்கக்கூடாத பயிற்சி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அப்படி ஒரு விதியை நல்லவரே போட்டிருந்தாலும், கெட்டவன் ஒருவன் வந்து ஒளிந்துகொள்ள அது வசதியான இடம்.

2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவில், அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில், கைதானது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். காயத்துக்குச் சிகிச்சை என்ற பெயரில் தொட்டார் என்பது புகார். ஒரு பெண் வாயைத் திறந்ததும் மற்றவர்களும் வந்தார்கள், சிலர் சொன்னது பல வருடங்களுக்கு முந்தைய கதை. அத்தனை வருடமும் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பெற்றோர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

உங்கள் கணவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்து சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்த லாரி நாசருக்கு 2018 ஜனவரியில் 40 முதல் 175 வருடம் வரை சிறைத் தண்டனை விதித்தார்கள். 150க்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். முதலில் பேசிய பெண்ணின் குடும்பத்துக்கு அவன் நண்பன். அவள் சிறுமியாக இருந்தபோதே வீட்டில் சொல்லியிருக்கிறாள், பெற்றோர் அவனைத்தான் நம்பினார்கள், அவனிடம் மன்னிப்புக் கேள் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நீங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து போடுகிற திட்டமும் அதுதானே? இன்னொன்று, வேறு சில சிறுமிகளின் அம்மா அதே அறையில் இருக்கும்போதே அவன் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு அதைச் செய்தான். அதனால் நாளையிலிருந்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள்.

ஃபீஸ் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடன் உங்கள் தலையில் இருக்கட்டும், மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுத்து அடையுங்கள். பிள்ளையைக் கொண்டு நன்றிக்கடன் தீர்க்கிற பெற்றோரை நான் மன்னிக்கவே மாட்டேன். கோட்டாவில் சீட் கிடைக்காவிட்டால் மார்க்கை வைத்துக் கிடைக்கிற கல்லூரியில் படிக்கட்டும், அவ்வளவுதானே.

நாளைக்கே நிறுத்துங்கள், தம்பியையும் சேர்த்து. ஆண் பிள்ளைக்கு என்ன வரப்போகிறது என்று இருக்காதீர்கள். இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சியாளர் பாரி பென்னல் பையன்களைத்தான் குறிவைத்தான், பெரிய கிளப்பில் சேர்த்துவிடுவான் என்று நம்பிப் பெற்றோரே அவன் வீட்டில் தங்க அனுப்பினார்கள். 2016இல் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் ஆட்டக்காரர் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் நாடே அதிர்ந்தது.

அப்புறம் மகளிடம் போங்கள். அவள் தனியாக இருக்கும்போது, 'அன்றைக்கு உள்ளே வா என்று கூப்பிட்டாயே, நான் வந்திருக்க வேண்டும், ஏன் கூப்பிட்டாய் என்று இப்போது சொல்கிறாயா' என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் விடுங்கள், குடைய வேண்டாம், இன்னொரு நாள் சொல்வாள். சொன்னால் குறுக்கே பேசாதீர்கள், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்கவே கேட்காதீர்கள், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். போனில் அவர் அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்க வேண்டாம். கோச்சுக்குப் போன் போட்டு விளக்கம் கேட்கிற வேலையே வேண்டாம், அது அவருக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பது.

தப்பாக எதையாவது சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையம். மானம் போய்விடும் என்று கணவர் சொல்வார். போக்சோ சட்டப்படி பிள்ளையின் பெயரையும் படத்தையும் பள்ளியையும் யாரும் வெளியிடக் கூடாது, வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், வருகிற போலீஸ் சீருடையில் வரக் கூடாது. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு, பயிற்சி மையத்தை நடத்துபவர் தன் ஆளைக் காப்பாற்ற மறைத்தால் ஒரு வருடம் வரை. இதைக் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

மறுபடி தாண்ட வேண்டும் என்று அவளே கேட்டால் வேறு மைதானம் பாருங்கள். சேர்ப்பதற்கு முன், நான் எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்க்கலாமா, தசைப்பிடிப்பு வந்தால் யார், எங்கே வைத்துப் பார்ப்பார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பொறுப்பாளர் வருவாரா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கே சேர்க்காதீர்கள்.