கொம்பு விரியன் பறந்து வந்து கடிக்குமா?

கேள்வி: சவுதியில் சூரிய மின்நிலையக் கட்டுமானத்தில் சர்வே குழுவோடு வேலை பார்க்கிறேன். வெயில் காலத்தில் அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் எங்களுக்கு வேலை. போன வாரம் முகாமுக்கு வெளியே மணலில் கொம்பு வைத்த சின்னப் பாம்பு ஒன்றைப் பார்த்தோம். பறந்து வந்து கடிக்கும், கடித்தால் ஐந்து நிமிடம்தான் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். விஷமுறிவு மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மருந்துக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவைதான் அந்த நான்கு. நீங்கள் பார்த்தது அந்தப் பட்டியலில் இல்லை. ரியாத்தில் தயாராகும் மருந்து அரேபியத் தீபகற்பத்துப் பாம்புகளை மனதில் வைத்துச் செய்யப்படுவது. உங்கள் கொம்பு விரியனுக்கு அதுதான் பொருத்தம்.

சரியான மருந்தே கிடைத்தாலும் முகாமில் வைத்து ஏற்றக்கூடிய சமாச்சாரம் இல்லை இது. திரவ மருந்து என்றால் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். குதிரைப் புரதம் உடம்புக்குள் போவதால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் விழும். பக்கத்தில் அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்த மருத்துவரும் இல்லாவிட்டால், பாம்பு செய்யாததை மருந்து செய்துவிடும். அதனால் மருந்துக்குச் செலவழிக்க நினைத்த அக்கறையை வேறொன்றுக்குச் செலவழியுங்கள். உங்கள் தளத்திலிருந்து எந்த மருத்துவமனையில் இந்த மருந்து இருப்பில் இருக்கிறது, இரவில் வண்டியில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பக்கத்தில் கிளினிக் இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். சவுதியில் செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸுக்கு 997.

சரி, இப்போது பாம்புக்கு வருவோம்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அரேபியக் கொம்பு விரியன். முழுதாக வளர்ந்தாலே சாதாரணமாக ஒன்றரை, இரண்டு அடிதான். மூன்றடியை எட்டுவது கிடையாது. தடித்த உடம்பு, முக்கோணத் தலை, சட்டென்று மெலிந்துவிடும் வால், மணலின் அதே வெளிர் மஞ்சளில் மங்கலான பழுப்புத் திட்டுகள். கண்ணுக்கு மேலே முள் மாதிரி நிற்பது எலும்போ உண்மையான கொம்போ இல்லை. ஒற்றைச் செதில் நீண்டு நிற்பதுதான். கண்ணில் மணல் விழாமல் காக்கவா, கண்ணின் வட்டத்தை மறைத்து எதிரியை ஏமாற்றவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது வேறு: இந்த இனத்தில் கொம்பே இல்லாத பாம்புகளும் நிறைய. கொம்பைக் காணோமே, அப்போது விஷமில்லாததுதான் என்று முடிவுகட்டினால் தீர்ந்தது.

இதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் பாம்பை எகிப்தியர்கள் எழுத்தாகவே வைத்திருந்தார்கள். அவர்களுடைய சித்திர எழுத்தில் கொம்பு விரியன் படம் போட்டால் 'ஃப்' என்ற ஒலி. சீறுகிற ஒலிக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அது என் கற்பனை, ஆதாரம் கேட்காதீர்கள்.

மணலுக்குள் அது இறங்குவதை ஒருமுறை நேரில் பார்த்தால் உங்கள் பயம் வேறு இடத்துக்குத் திரும்பிவிடும். தலையை நீட்டிக் குழி தோண்டி நுழையும் என்று நினைப்போம். அப்படி இல்லை. படுத்த இடத்திலேயே விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்கிக்கொள்ளும். அப்புறம் பக்கவாட்டில் ஒரு நடுக்கம், வால் பக்கமிருந்து தலை பக்கமாக. விலாவோரச் செதில்கள் சாய்வாக, ரம்பப்பல் போல இருப்பதால் ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் மணலை வாரி முதுகின் மேல் போடும். பாம்பு நகரவே இல்லை, நேர்கீழாக அமிழ்கிறது. கொஞ்ச நேரத்தில் மணலில் ஒரு லேசான சுருள் மேடு மட்டும் தெரியும். காற்று ஒருமுறை வீசினால் அதுவும் இருக்காது. கண்ணும் மூக்கும் மட்டும் மேலே. அப்படியே மணிக்கணக்கில் கிடந்து பல்லிக்கும் எலிக்கும் காத்திருக்கும். தண்ணீரும் பெரும்பாலும் அந்த இரையின் உடம்பிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

அதாவது, அசையாமல் கிடப்பதுதான் இதன் பிழைப்பே. துரத்துவதற்கான உடம்பு இதற்கு இல்லை, அவசியமும் இல்லை. உங்களைப் போன்ற பெரிய உருவத்தை விழுங்க முடியாது, அதனால் நஞ்சை வீணாக்கத் தேடி வரவும் வராது. சீண்டினால் கொத்தும். அந்த எட்டலும் பெரும்பாலும் தன் நீளத்தில் பாதியளவுதான், இரண்டடிப் பாம்புக்கு ஓரடி. பறப்பதெல்லாம் கதை. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது உங்களை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதன் மேல் போய்க் காலை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் உதவாது. கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் கையிலும் விழுவதற்குக் காரணம் இதுதான்.

எச்சரிக்காமலும் இருக்காது. உடம்பை அரைவட்ட மடிப்புகளாக ஒன்றோடொன்று ஒட்டி வைத்து எதிரெதிராக உரசும். சூடான சட்டியில் தண்ணீர் தெளித்தது மாதிரி 'சர்ர்ர்' என்று ஓசை வரும். நம் சுருட்டை விரியன் போடும் அதே சத்தம். வாயால் சீறினால் மூச்சோடு ஈரமும் போகும். செதிலை உரசினால் அந்த நஷ்டம் இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டால் ஓடாதீர்கள், குதிக்காதீர்கள். நின்ற இடத்தில் நின்று, டார்ச்சை அடித்து, பாம்பு எங்கே என்று தெரிந்த பிறகு எதிர்ப்பக்கமாகப் பின்வாங்குங்கள்.

அது நடக்கும் விதமும் தனி. உடம்பின் இரண்டு மூன்று இடம் மட்டும் மணலில் படும், மற்றது தூக்கியபடி பக்கவாட்டில் உருண்டுபோவது போலப் போகும். வழுக்கும் மணலில் பிடி கிடைக்கிறது, சுடுமணலில் உடம்பு குறைவாகப் படுகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் இதே மாதிரி நகரும் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பை மணல் சரிவில் ஏற விட்டுப் பார்த்து, அந்த உத்தியை ஒரு பாம்பு ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்த ஆய்வு 2014-இல் வெளியானது. சரிவு கூடக் கூட, மணலில் படும் உடம்பின் நீளத்தை அது கூட்டிக்கொள்கிறதாம். உங்கள் தளத்தில் உள்ளூர்க்காரர்கள் யாராவது 'உம்மு ஜனைப்' என்று கத்தினால் இந்தப் பாம்பைத்தான் சொல்கிறார்கள். பக்கவாட்டில் போவதால் வந்த பெயர்.

சர்வேக்காரரான உங்களுக்கு இந்தத் தடம்தான் பெரிய உதவி. மற்றப் பாம்புகள் மணலில் ஒரே நெளிகோடாகப் போயிருக்கும். இது போன இடத்தில் சாய்ந்த கோடுகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று இணையாக, இரண்டு பக்கச் சட்டமும் உருவப்பட்ட ஏணியின் படிகள் மாதிரி கிடக்கும். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் சின்னதாக ஒரு கொக்கி. விளிம்பு கூர்மையாக இருந்தால் நேற்றிரவுத் தடம். காற்று விளிம்பை மழுக்கியிருந்தால் பழையது. காலையில் கருவியை நிறுத்துவதற்கு முன்பு இரண்டு நிமிடம் சுற்றிப் பாருங்கள். புதுத் தடம் ஒரு புதரடியிலோ குழாய் அடுக்கிலோ போய் முடிந்து, மறுபக்கம் வெளியே வரவில்லை என்றால் பாம்பு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வேலை நேரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை. நல்ல சட்டம், ஆயிரம் பேரை வெயிலிலிருந்து காப்பாற்றும். ஆனால் வேலை போய் ஒதுங்கும் விடியற்காலையும் முன்னிரவும்தான் கோடையில் இந்தப் பாம்பு வெளியே வரும் நேரம். அதனால் கணுக்காலை மூடும் தடித்த தோல் பூட்ஸ், கனமான துணியில் தளர்வான பேன்ட். ராத்திரி சிறுநீர் கழிக்கப் போகும்போதும் அதே பூட்ஸ்தான், ரப்பர் செருப்பு வேண்டாம். போடும் முன் பூட்ஸைத் தலைகீழாகத் தட்டுங்கள். டார்ச்சைத் தலைக்கு மேலே பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே, தரையோடு சாய்த்து அடியுங்கள். மணல் மேட்டுக்கு நிழல் விழும், மேலிருந்து அடித்தால் எல்லாம் சமதளமாகத்தான் தெரியும். மரப்பலகை, பேனல் பெட்டி எதையும் தூக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைக் கம்பியால் நெம்பி, பலகையை உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். அடியில் ஏதாவது இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் பலகை இருக்கும். படுக்கை தரையில் வேண்டாம், கட்டில் போதும். மிச்சச் சோற்றை முகாம் ஓரத்தில் கொட்டாதீர்கள். சோற்றுக்கு எலி, எலிக்குப் பாம்பு. ஃபினாயில் தெளிப்பது, பூண்டு போடுவது எல்லாம் மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

கடித்துவிட்டால்? ஐந்து நிமிடக் கதையை மறந்துவிடுங்கள். ஆனால் அலட்சியமும் கூடாது. இது ரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சு. முதலில் கடித்த இடத்தில் எரிச்சல், வலி, வீக்கம். பிறகு வாந்தி, தலைசுற்றல். அதற்குள் நஞ்சு, ரத்தம் உறைய உதவும் புரதங்களைத் தின்று தீர்க்கத் தொடங்கியிருக்கும். ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியலாம், சிறுநீரகம் பழுதாகலாம். பெரும்பாலானோர் சிகிச்சையில் பிழைத்துவிடுகிறார்கள், இறந்தவர்களும் உண்டு. வீக்கம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று படுப்பதுதான் மிகப் பெரிய தவறு. மருத்துவமனையில் ஓர் எளிய சோதனை செய்வார்கள்: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் நிறுத்தி வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு நாள் அங்கேயே வைத்திருந்து திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கிளம்பிவிட அவசரப்படாதீர்கள்.

அங்கே போய்ச் சேரும் வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், கடிகாரம், பூட்ஸைக் கழற்றுங்கள், வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்தால் செய்வது போலச் சிம்பு வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க வைக்காதீர்கள், தூக்கிப் போய் வண்டியில் படுக்க வையுங்கள். வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். மருத்துவருக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடையாது. இறுக்கிக் கயிறு கட்டினால் நஞ்சும் ரத்த ஓட்டமும் ஒரே இடத்தில் தேங்கி விரலே அழுகிப்போகலாம். கீறினால், உறையாத ரத்தம் நிற்காது. உறிஞ்சி எடுப்பது சினிமாவோடு சரி. வலிக்கு ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுக்காதீர்கள், அவையும் ரத்தக் கசிவைக் கூட்டும், பாரசிட்டமால் போதும்.

பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டுமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். தூரத்திலிருந்து ஃபோனில் ஒரு படம் எடுத்தால் மருத்துவருக்கு அது போதும். அடிக்கப் போனவர் இரண்டாவது நோயாளியாகத் திரும்பி வருவது எங்கள் துறையில் பழைய கதை. வெட்டி எறிந்த விரியன் தலையும் கொஞ்ச நேரம் வரை கடிக்கும், அந்தக் கடியிலும் நஞ்சு இறங்கும். இன்னொன்று, அங்கே மணலுக்குள் கிடக்கும் எல்லாமே விரியன் இல்லை. மஸ்கட்டில் மருத்துவராக இருந்த ஜெயகர் என்ற இந்தியரின் பெயரைத் தாங்கிய மண்ணுளிப் பாம்பு ஒன்றும் அந்த மணலில் உண்டு. கண் இரண்டும் உச்சந்தலையில் இருக்கும், பார்க்கவே வேடிக்கை, ஒரு தீங்கும் செய்யாது. மணலிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு கண்ணை வைத்து அது எதுவென்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. முகாமுக்குள் எது வந்தாலும் ஒருவர் விலகி நின்று அதன் மேல் கண்ணை வைத்திருக்கட்டும், இன்னொருவர் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடட்டும்.