பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்கான ஆயத்தமும்: யாழ்ப்பாணத்திலிருந்து கேட்ட கேள்விகள்

பாடசாலை மாணவர்களுக்கான திறன் வளர்ப்பு, தொழில் ஆயத்தப் பயிற்சிகள் பற்றிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வலிகாமத்தில் சனசமூக நிலையங்களோடும் பாடசாலைகளோடும் சேர்ந்து பல வருடமாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்: அக்கா, மகன் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறார். ரியூசனுக்கே நேரம் போதாது. வாசிகசாலையில் சனிக்கிழமை ஏதோ பயிற்சி நடக்குதாம். இப்பவே வேலை, தொழில் என்று தொடங்க வேணுமா?

தொழிலைத் தெரிவு செய்கிற வயது இது இல்லை. ஆனால் அடுத்த வருடம் அவர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தொகுதிப் பாடங்களை, அதாவது தானே தெரிவு செய்யும் பாடங்களை, எடுக்கப் போகிறார். வணிகமா, சித்திரமா, தகவல் தொழில்நுட்பமா, விவசாயமா? கூட்டாளி எதை எடுத்தான், எதில் 'ஏ' இலேசாக வரும் என்பதை வைத்துத்தான் நிறைய வீடுகளில் இதை முடிவு செய்கிறார்கள். பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறது என்று பார்க்க அதற்கு முன் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் நல்லதுதானே.

இந்த வயதில் நான் முக்கியமாக எதிர்பார்ப்பது, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரிடம் போய் விஷயத்தைக் கேட்கவும், தொடங்கியதை முடிக்கவும் பிள்ளை பழக வேண்டும் என்பதைத்தான். நிறைந்த ரியூட்டரி வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்து குறிப்பு எழுதும் பிள்ளைக்கு வாய் திறக்க எங்கே இடம்? ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். ஒருவரே இரண்டு மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அது இன்னொரு ரியூசன். பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு மாணவி: ரீச்சர், சாதாரண தரத்தில் எனக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சித்தியில்லை. கூடப் படித்தவர்கள் உயர்தரம் போய்விட்டார்கள். அம்மா அழுதுகொண்டே இருக்கிறா. எனக்கு வேறு வழி இருக்கா?

இருக்கு பிள்ளை. அம்மாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, 13 வருட உத்தரவாதக் கல்வி. 2017 இல் தொடங்கிய திட்டம். சாதாரண தரத்தில் சித்தியா இல்லையா என்று பார்க்காமல், பாடசாலையிலேயே தொழிற்பிரிவில் உயர்தரம் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இந்தப் பிரிவு இல்லை. வடமராட்சியில் எங்கே இருக்கிறது என்று உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். அதிபர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், அம்மாவோடு நேரே போங்கள்.

இரண்டாவது, என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்கிற தேசிய தொழிற்தகைமை. இதில் ஏழு மட்டங்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இந்த ஏணியைப் பற்றி ஊரில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். நான்காம் மட்டத்தில் தொடங்கும் பிள்ளை படிப்படியாக ஏறிப் பட்டம் வரைக்கும் போகலாம். ஆனால் எங்கள் ஊரில் இதைப் 'படிக்க ஏலாதவர்களுக்கு' என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை, யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி இரண்டிலும் விசாரியுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வாகனம், மின், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் எல்லாம் அங்கே உண்டு. பெண்பிள்ளைகள் வாகனத் தொழில்நுட்பம் படிப்பதைப் பார்த்து இப்போது யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை.

எந்த வழியில் போனாலும் கணிதத்தை மறுபடி எழுதுங்கள். அரச வேலை விண்ணப்பங்களில் கணிதமும் தாய்மொழியும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். விஞ்ஞானத்தைப் பிறகு பார்க்கலாம்.

கோண்டாவில், சனசமூக நிலையம் ஒன்றின் இளைஞர்கள்: அக்கா, எங்கள் நிலையத்தில் பத்திரிகை வாசிக்க நாலு பெரியவர்கள்தான் வருகிறார்கள். மாணவர்களுக்கு ஏதாவது தொடங்க ஆசை. காசு பெரிதாக இல்லை. எங்கே தொடங்குவது?

இப்படி ஒரு கேள்வி வரவேண்டும் என்றுதான் இருந்தேன். ஊருக்கு ஊர் கட்டடம் இருக்கிறது, மேசை இருக்கிறது, நம்பிக்கையான பெரியவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் புதிதாக உருவாக்கப் போனால் எவ்வளவு செலவு தெரியுமா?

முதலில் 'தலைமைத்துவக் கருத்தரங்கு' என்று பதாகை அடிக்காதீர்கள். ஒரு நாள் பேச்சு, ஒரு பொதி சோறு, ஒரு சான்றிதழ், குழுப்படம். அடுத்த கிழமை பிள்ளைக்கு எதுவும் ஞாபகம் இராது. பதினைந்து பேருக்கு மேற்படாத ஒரு குழு, ஒரு பாடசாலைத் தவணை முழுக்கச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம், கடைசியில் ஊர் பார்க்கக்கூடிய ஒரு வேலை. இது போதும்.

என்ன வேலை? கோண்டாவிலில் என்றால் கிணறுகளில் தொடங்கச் சொல்வேன். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் அதே நிலத்தடி நீரைத்தான். உரம் கூடினால் அதிலுள்ள நைத்திரேற்று நீருக்குள் இறங்கும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். பிள்ளைகள் வட்டாரத்தில் உள்ள கிணறுகளைப் பதியட்டும். எத்தனை அடி ஆழம், மலசலகூடக் குழி எவ்வளவு தூரம், கோடையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, உவர் எப்போது தொடங்கியது? ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று தங்களை அறிமுகப்படுத்தி அனுமதி கேட்க வேண்டும். கேட்டதை எழுதவேண்டும், பிறகு எக்செல்லில் அட்டவணையாக்க வேண்டும், பிரதேச சபைக்குக் கடிதம் எழுத வேண்டும், கடைசியில் ஊர்க் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்ல வேண்டும். முதலாளிமார் 'பெடியளுக்கு இது தெரியாது' என்று என்னிடம் குறைப்படுவதெல்லாம் இதற்குள் இருக்கிறது. நேரத்துக்கு வருவதும்கூட.

கிணறு சரிவராவிட்டால் வாசிகசாலை அலுமாரியைத் திறவுங்கள். பழைய கோயில் சிறப்பு மலர், பாடசாலை மலர், விளையாட்டுக் கழக மலர் எல்லாம் பூச்சி அரித்துக் கிடக்கும். அவற்றைப் பட்டியலிட்டு ஸ்கேன் செய்வது அருமையான பயிற்சி. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வருகிற நூலக நிறுவனத்தின் இணையத்தளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், எப்படி ஒழுங்குபடுத்துவது என்று தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

ஆட்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர் இருப்பார், தொழில் வழிகாட்டல் அவருடைய கடமை. இளைஞர் சேவை அதிகாரியும் அங்கேதான். ஊரில் உள்ள தாதி, மின்வேலை செய்பவர், வங்கி உத்தியோகத்தர், பனம்பொருள் செய்யும் அம்மா என்று ஒவ்வொருவரையும் ஒருநாள் கூப்பிடுங்கள். உரை வேண்டாம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். 'முதல் மாதச் சம்பளம் எவ்வளவு?' என்று ஒரு பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள், அது நல்ல கேள்வி. ஒரு தடவை அச்சுவேலி கைத்தொழிற்பேட்டைக்கோ கைதடி பனை ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ முன்கூட்டியே அனுமதி எடுத்துக் கூட்டிப் போங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், தனியே ஒருவர் இருக்கவே கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எதையும் தொடங்க வேண்டாம். பரீட்சை மாதங்களிலும்தான்.

சாவகச்சேரி, ஒரு தந்தை: மகனுக்கு 15 வயது. லீவுக்கு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலைக்கு விடலாமா?

இல்லை, ஐயா. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. ஆபத்தான வேலைகளுக்கு 18 வரை தடை. கராஜ்காரர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தாலும் சட்டம் அவரைப் பிடிக்கும். ஆர்வம் இருந்தால் வீட்டில் உங்கள் வண்டியைக் கழற்றிப் பூட்டட்டும். 16 தாண்டியபின் 'நைற்றா' என்கிற பயிலுனர் பயிற்சி அதிகார சபையில் பதிந்து முறையான பயிலுனராகப் போனால் அனுபவமும் சான்றிதழும் சேர்ந்தே கிடைக்கும். உங்கள் கராஜ்காரரும் பல வருடம் வேலை செய்து சான்றிதழ் இல்லாதவர் என்றால், அவருடைய கைத்திறனை மதிப்பிட்டு என்.வி.கியூ கொடுக்கும் முறையும் அங்கே உண்டு. சொல்லிவிடுங்கள்.

நெடுந்தீவு, ஓர் ஆசிரியை: எல்லாப் பயிற்சியும் யாழ் நகரத்தில்தான். எங்கள் பிள்ளைகள் படகேறி வந்து அன்றே திரும்ப முடியாது.

ரீச்சர், இது உங்கள் குறை இல்லை, ஒழுங்கு செய்கிற எங்களுடைய குறை. குறிகட்டுவான் இறங்குதுறைப் படகு நேரத்தைப் பார்க்காமல் 'மாவட்டப் பயிற்சி' என்று போட்டுவிடுகிறோம். பயிற்சி நடத்துபவர்கள் தீவுக்கு வந்து ஓர் இரவு தங்குவதே நியாயம். அதுவரை, இளைஞர் விருது அதிகார சபை நடத்தும் விருதுத் திட்டத்தைப் பாருங்கள். எடின்பரோ கோமகன் விருது என்று பழையவர்கள் சொல்வது. 14 வயதிலிருந்து சேரலாம். சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்ற பிரிவுகளை மாதக்கணக்கில் தொடர்ந்து செய்ய வேண்டும். பெரும்பகுதியை இருக்கும் இடத்திலேயே செய்யலாம். கடலும் கோட்டையும் குதிரைகளும் உள்ள ஊரில் சாகசப் பயணத்துக்கு இடம் தேட வேண்டியதில்லை. சாரணியமும் அப்படித்தான், ஒரு பொறுப்பாசிரியர் கிடைத்தால் போதும்.

டொரண்டோவிலிருந்து ஒரு பழைய மாணவர்: எங்கள் பாடசாலைக்குக் கணினி அறை கட்டிக் கொடுக்க விரும்புகிறோம். நல்ல யோசனையா?

அண்ணை, மனம் நோகாமல் கேளுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டியே கிடக்கும் கணினி அறைகளை நான் கண்டிருக்கிறேன். பொறுப்பாளர் இல்லை, மின் கட்டணத்துக்கு ஒதுக்கீடு இல்லை, ஒன்று பழுதானால் திருத்த ஆளில்லை. அதே காசில் ஒரு பகுதியை வைத்து, பின்னேரம் அறையைத் திறந்து பிள்ளைகளோடு இருக்கும் ஓர் இளைஞருக்கு மூன்று வருடம் சம்பளம் கொடுங்கள். தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் காசு கொடுங்கள். கணினி அதற்குப் பிறகு.

இன்னொன்று, காசு செலவில்லாதது. உங்களில் தாதி, கணக்காளர், சமையல்காரர், பாரவூர்திச் சாரதி என்று எத்தனையோ பேர் இருப்பீர்கள். மாதம் ஒரு தடவை சூமில் வந்து நான்கு பிள்ளைகளோடு பேசுங்கள். வெளிநாட்டு வாழ்க்கையின் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'எப்படியும் வெளியால போயிடலாம்' என்று புத்தகத்தை மூடி வைத்திருக்கும் பிள்ளைக்கு அது கட்டாயம் தேவை.

கோப்பாயிலிருந்து ஒரு மாணவன்: சுயவிபரக் கோவையில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லையே?

தம்பி, கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் நடத்தினீர்களா? விளையாட்டுக் கழகக் கணக்கு எழுதினீர்களா? அப்பாவின் தோட்டத்து வெங்காயத்தைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றீர்களா? எழுதுங்கள். எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு காசு கையாண்டீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். 'கடின உழைப்பாளி' என்று எல்லோரும் எழுதுவார்கள், அந்த வரி வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. சிங்களமும் ஆங்கிலமும் எவ்வளவு தெரியுமோ அவ்வளவையே சொல்லுங்கள், நேர்முகத்தில் உடனே தெரிந்துவிடும். சிங்களம் கொஞ்சம் பழகுங்கள். வங்கியிலும் ஹோட்டலிலும் அது உடனடியாகப் பயன்படும்.

வேலை கிடைத்தால் முதல் நாளே ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். சின்னக் கடை என்றாலும் இது உங்கள் உரிமை.

பலர் கேட்டது: தனியார் நிறுவனச் சான்றிதழை எப்படி நம்புவது?

மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா, அந்தக் குறித்த பயிற்சிக்கு என்.வி.கியூ தரம் இருக்கிறதா என்று காசு கட்டமுன் பாருங்கள். நிறுவனம் பதிந்திருந்தும் பயிற்சிக்குத் தரம் இல்லாமல் இருக்கலாம், இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

மானிப்பாய், ஒரு தந்தை: மகள் உயர்தரம். தொழில்நுட்பப் போட்டி ஒன்றுக்குக் குழுவாக ஆயத்தம் செய்யப் போகிறேன் என்கிறா. ஆண்பிள்ளைகளும் இருக்கினம், நேரம் செல்லும். விடுவதா?

யாழ் ஐ.ரி. ஹப் என்கிற தொழில்நுட்ப அமைப்பு நடத்தும் 'யாழ் கீக் சலஞ்ச்' மாதிரியான போட்டிதானே? விடுங்கள், ஐயா. நாளைக்கு அவ வேலை செய்யப்போவது ஆண்களும் பெண்களும் உள்ள குழுவில்தான். வீட்டுக்குத் தெரிந்த இடத்தில், பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைப் பழகுவது நல்லது. உங்கள் பயம் நேரத்தைப் பற்றியது என்றால் அதற்கு வழி இருக்கிறது. ஒழுங்கு செய்பவரிடம் பேசி, கடைசிப் பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் முந்தி முடிக்கச் சொல்லுங்கள். அதே பாதையில் வரும் இன்னொரு பிள்ளையோடு சேர்த்து விடுங்கள். முதல் நாள் நீங்களும் போய் ஒரு மூலையில் இருந்து பாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். அங்கே பெண் பொறுப்பாளர் ஒருவர்கூட இல்லை என்றால் மட்டும் எனக்கு எழுதுங்கள், யாரையாவது ஒழுங்கு செய்து தருகிறேன்.