ஸ்கேன் நார்மல்தான்... ஆனால் அம்மா சரியாக இல்லையே?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 76 வயது. திண்டுக்கல் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார், நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். 108-ல் கொண்டுபோனார்கள், தலையில் சி.டி. ஸ்கேன் நார்மல், நெற்றியில் மூன்று தையல், நாலு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே சாப்பிடும் சுகர், பிரஷர் மாத்திரைகளோடு புதிதாக நாலு மாத்திரை. இன்று ஐந்தாம் நாள். பகலெல்லாம் தூங்குகிறார், சாப்பாடு இறங்கவில்லை, சாயங்காலமானால் இறந்துபோன அப்பாவைக் கூப்பிடுகிறார். வயசானால் இப்படித்தான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்படியா?

பதில்: இல்லை, அப்படி இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததுமே போனில் பேசி, அன்றைக்கே திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இரண்டு நாளில் குழம்பிப்போனால், அல்லது கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டால், உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். இதை டெலிரியம் என்கிறோம். கத்தி, ரகளை செய்தால் வீட்டில் உடனே பயந்துவிடுவார்கள், ஆனால் அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பவரை ‘அசதி, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதலில் சுகர் பாருங்கள். சாப்பாடு குறைந்தும் சுகர் மாத்திரை மட்டும் தவறாமல் உள்ளே போனால் சர்க்கரை இறங்கிவிடும். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் அளவுக்கு நினைவும் இருந்தால், மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்து பார்க்க வேண்டியவை: சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைவது, சிறுநீர் அடைப்பு, நாள்கணக்கில் மலச்சிக்கல். இன்னொன்று, அன்றைக்கு எடுத்த ஸ்கேன் அன்றைய நிலையைத்தான் சொல்லும். வயதானவர்களுக்கு, முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, தலைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து நாட்கள், வாரங்கள் கழித்துக்கூடத் தெரியவரலாம்.

உங்கள் அம்மாவுக்குச் சோடியம் குறைந்திருந்தது என்றும், பழைய பிரஷர் மாத்திரையும் புதியதும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்துதான் என்றும் பிறகு சொன்னீர்கள். அந்த மாத்திரையில் சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது, சோடியத்தை இறக்குவதே அதுதான். அது ஐந்து நாளாக இரட்டிப்பாகப் போயிருக்கிறது. எமர்ஜென்சியில் இருந்தவர்கள் உயிருக்கு ஆபத்தில்லை என்று பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். பழைய மருந்துச் சீட்டு அவர்கள் கைக்கு வரவில்லை, வீட்டிலும் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதனால் வீட்டுக்கு வந்த மறுநாளே செய்யுங்கள்: வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், மேல் அலமாரியில் கிடக்கும் மூட்டுவலி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு டிஸ்சார்ஜ் சீட்டோடு வழக்கமான டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். எது தொடரணும், எது நிறுத்தணும், எத்தனை நாள் என்று தமிழில் எழுதி வாங்குங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம், ஏன் விழுந்தார்? தரை ஈரம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தலைசுற்றலுக்குக் காரணம் கிடைத்த மாதிரி. அதுவரை கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும், ராத்திரி விளக்கு எரியட்டும். ஆனால் விழுந்துவிட்டார் என்று கட்டிலோடு கட்டிப்போடாதீர்கள், பத்து நாள் படுத்தாலே காலில் தெம்பு போய்விடும், அடுத்த தடவை விழுவது அதனால்தான் இருக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லிவையுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் முதல் வாரம் காலையும் மாலையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், போனில் ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்று அம்மா சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது, சென்னையில் இருக்கிறோம். இரண்டு மாதத்தில் மூன்று தடவை எமர்ஜென்சிக்குப் போய் வந்துவிட்டோம். முதியோருக்கென்று தனி டாக்டர் உண்டா?

பதில்: உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்தது. மூன்று தடவையின் சீட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப்போங்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம், தனித்தனியாகப் பார்த்தவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது.